யந்திர சங்கீதமும் பாலாற்றின் பாடமும்

நவீன யந்திரங்களால் சங்கீதம் வளருமா, கெடுமா என்ற விவாதம் தமிழ்நாட்டில் மறுபடியும் எழுந்திருக்கிறது. 1997-ம் வருஷத்தில் காலஞ்சென்ற சாகுல் ஹமீது, 2022-ம் வருஷத்தில் காலஞ்சென்ற பம்பா பாக்கியா ஆகிய இரண்டு பாடகர்களின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மீண்டும் உண்டாக்கி, 2024-ம் வருஷம் வெளிவந்த 'லால் சலாம்' படத்தின் பாட்டொன்றில் ஏ. ஆர். ரஹ்மான் அவர்கள் சேர்த்தார். குடும்பத்தாரின் சம்மதம் பெற்று, தக்க ஊதியமும் அளித்தே அதைச் செய்ததாக அவர் தெரிவித்தார். அதே வருஷ ஆரம்பத்தில் காலஞ்சென்ற பவதாரிணியின் குரலை, அவருடைய சகோதரர் யுவன் சங்கர் ராஜா 'கோட்' படத்தில் இவ்விதமே ஒலிக்கச் செய்தார். இவற்றைக் கேட்டுக் கண்ணீர் வடித்தவர்களும் உண்டு. இது தகுமா என்று முகஞ்சுளித்தவர்களும் உண்டு.

மின்னிசையில் மோகங் கொண்ட நமது வாலிபர்கள் கூறும் அபிப்பிராயம் யாதெனில், யந்திரம் வெறும் கருவியே, கற்பனை மனிதனுடையதே. ஆகவே எந்த யந்திரத்தைக் கண்டும் அஞ்ச வேண்டியதில்லை என்பதாம். பழைய சங்கீதத்தின் அபிமானிகளோ, விரலும் மூச்சும் செய்யவேண்டிய வேலையை மின்சாரம் செய்யத் தொடங்கிய அன்றே கலை செத்துவிட்டது என்கிறார்கள். இரண்டு கட்சிகளிலும் உண்மை உண்டு. ஆனால் இரு கட்சியாரும் கேட்கத் தவறும் கேள்வி ஒன்றுண்டு. லாபம் யாருக்கு, நஷ்டம் யார் தலையில் என்பதே அது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பிரதேசத்தில் வாழும் நாம் அக்கேள்வியை மறக்க முடியாது. ஏன் என்பதைப் பின்னர் சொல்லுவோம்.

முதலில் யந்திரத்துக்கு நியாயம் செய்வோம். பிடில் மேனாட்டு வாத்தியம். பாலுசுவாமி தீக்ஷிதர் அதைக் கற்றுக் கர்நாடக சங்கீதத்துக்கு இசைவித்த பின்னர், இன்று அது இல்லாத கச்சேரி அரிது. ஆர்மோனியம் நமது சுருதி நுட்பங்களுக்குப் பொருந்தாதென்று பாரதியார் கண்டித்தார். அகில இந்திய ரேடியோவும் 1940-ம் வருஷம் அதை விலக்கி, 1971-ம் வருஷத்தில்தான் தடையைத் தளர்த்தியது. அந்த ஆட்சேபம் அர்த்தமற்றதன்று. அழுத்திய கட்டைக்கு ஒரே ஸ்வரம் என்னும் பெட்டியில் கமகம் பிறவாது. ஆனால் மின்சார மாண்டலினைக் கையிலெடுத்த யு. ஸ்ரீநிவாஸ், அதே கமகத்தை அக்கருவியின் கம்பியிலிருந்து வரவழைத்தார். ஆகவே, மின்சாரம் சேர்ந்ததனாலேயே சங்கீதம் கெடும் என்பது பொருந்தாத வாதம். கருவியின் குறை எது, அதை வெல்லும் கை எது என்று பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

மின்னிசையின் சரித்திரமும் இதையே காட்டுகிறது. ஜப்பானிய ரோலண்ட் கம்பெனி 1980-ம் வருஷத்தில் டி.ஆர். 808 என்னும் தாள யந்திரத்தை வெளியிட்டது. உண்மையான முரசைப்போல் அது ஒலிக்கவில்லை என்று பலர் இகழ்ந்தனர். மூன்று வருஷங்களில் கம்பெனி அதை நிறுத்திவிட்டது. ஆனால் கைமாறி மலிவாய் விலைபோன அந்த யந்திரமே அமெரிக்காவில் நீக்ரோ வகுப்பார் என்று அக்காலத்தில் இழிவாய்ப் பேசப்பட்ட கறுப்பின வாலிபர்களுக்குப் புதிய சங்கீதத்தின் அஸ்திவாரமாயிற்று. மோட்டார் வண்டித் தொழிலின் தலைநகரான டெட்ராயிட்டில், ஆலைகள் மூடப்பட்டுத் தொழிலாளிகள் வேலையிழந்த காலத்தில், ஹுவான் அட்கின்ஸ் முதலிய இளைஞர்கள் இத்தகைய பெட்டிகளைக் கொண்டே 'டெக்னோ' என்னும் இசை முறையை உண்டாக்கினார்கள். ஆலைச் சப்தத்தில் வளர்ந்த காது, அச்சப்தத்திலேயே லயத்தைக் கண்டுகொண்டது.

நமது தேசமும் பின்தங்கி நிற்கவில்லை. பம்பாயின் சினிமா வாத்தியக்காரரான சரண்ஜித் சிங், அதே 808-ஐயும் அதன் துணைக் கருவிகளையும் கொண்டு பத்து ராகங்களை வாசித்து 1982-ம் வருஷம் இசைத்தட்டாக வெளியிட்டார். அன்று அதைச் சீந்துவாரில்லை. 2010-ம் வருஷத்தில் அது மறுபதிப்பான பொழுது, மேனாட்டார் பின்னால் கண்டுபிடித்ததாகப் பெருமை கொண்ட ஒலியை அவர் முன்னரே எட்டிவிட்டாரென்று உலகம் வியந்தது. தமிழ்நாட்டில் இளையராஜா 1986-ம் வருஷத்தில் 'புன்னகை மன்னன்' படத்துக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டு இசையமைத்தார். 1992-ம் வருஷம் 'ரோஜா' வெளிவந்த பிறகு, ஓர் அறையில் சில யந்திரங்களோடு அமர்ந்த இளைஞனும் தேச முழுவதையும் பாடவைக்கலாம் என்பது நிரூபணமாயிற்று. கற்பனை யந்திரத்தால் சாகாது என்பதற்கு இதைக்காட்டிலும் வேறு சாட்சி வேண்டுமோ?

நிற்க. இதே சரித்திரத்துக்கு மற்றொரு பக்கமும் உண்டு. சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் வரிசை வரிசையாய் உட்கார்ந்து பிடில் வாசித்தவர்களின் வேலையை ஒரு 'கீ போர்டு' எடுத்துக்கொண்டது. ஊர்தோறும் இருந்த மெல்லிசைக் குழுக்களில் தபேலாவும் டோலக்கும் இருந்த இடத்தில் 'ரிதம் பேட்' வந்து நின்றது. அப்பெட்டியின் ஒரு சதுரத்தைத் தட்டினால் தவில். மற்றொன்றைத் தட்டினால் பறை. வேறொன்றைத் தட்டினால் உடுக்கை. அந்த ஒலியைப் பதிவு செய்வதற்காக ஒருநாள் உட்கார்ந்து வாசித்த கலைஞன் யாரென்று தட்டுகிறவருக்கும் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது. அவன் கூலி அன்றோடு முடிந்தது. அவன் கையின் ஒலியோ கோடி தடவை விலைபோகிறது.

பறையைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயத்தை ஒளியாமல் சொல்லியாக வேண்டும். தோலைத் தொடுகிறவன் தாழ்ந்தவன் என்றும், தோலில் பிறந்த நாதம் உயர்ந்தது என்றும் ஒரே வாயால் சொன்ன சமூகம் நம்முடையது. மிருதங்கத்துக்குப் பசுத்தோலும் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும் வேண்டும். அவற்றைத் தேர்ந்து, பதம் பார்த்து, மூட்டிக் கொடுத்தவர்களுக்கு சபையில் ஆசனம் இருந்ததில்லை. அவர்களுடைய கதையை டி. எம். கிருஷ்ணா 2020-ம் வருஷம் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். பறையோ, ஒடுக்கப்பட்ட வகுப்பார் மீது சாவு வீட்டுக் கடமையாகச் சுமத்தப்பட்டது. அதனாலேயே, மானமுள்ள வாலிபர்கள் பல ஊர்களில் இனிப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்தார்கள். அவர்கள் செய்தது முற்றும் நியாயம். கட்டாயத்தின் பேரில் ஒருவன் அடித்த பறையின் இடத்தில் யந்திரம் வந்தால், அதற்காக எவரும் அழ வேண்டியதில்லை.

ஆனால் இன்று அதே பறையை, கட்டாயமின்றி, தங்கள் சுயமரியாதையின் சின்னமாகவே ஆண்களும் பெண்களும் கையிலெடுத்திருக்கிறார்கள். 2017-ம் வருஷம் தோன்றிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு, கானாவையும் பறையையும் மேனாட்டு மின்சார வாத்தியங்களோடு சேர்த்து மேடையேற்றியது. அங்கே யந்திரம் பறையை விழுங்கவில்லை; அதற்குத் துணை நின்றது. ஆகவே வேற்றுமை இதுதான். ஒருவன் வேண்டாமென்று இறக்கிவைக்கும் சுமையை யந்திரம் ஏற்பது உபகாரம். அவன் விரும்பிக் காக்கும் செல்வத்தை, அவனைக் கேளாமல் யந்திரம் எடுத்துச் செல்வது அபகாரம். மின்னிசை அபிமானிகள் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பலாகாது.

இனி பாலாற்றுக்கு வருவோம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதப்படுத்துவது நமது முன்னோர் கண்ட முறை. அதற்கு வாரக்கணக்கில் நாள் பிடிக்கும். பின்னர் குரோம் உப்பு வந்தது. வாரங்களில் ஆன வேலை ஓரிரு நாளில் முடிந்தது. பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றுவதைக் குறைத்து, மெருகேற்றிய தோலையும் பாதரக்ஷைகளையும் அனுப்ப வேண்டுமென்று 1970-களில் சர்க்கார் ஊக்கமளித்ததும் இம்மாறுதலை விரைவுபடுத்திற்று. ஆம்பூரும் ராணிப்பேட்டையும் உலகச் சந்தையில் பெயர் பெற்றன. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு, விசேஷமாகப் பாதரக்ஷைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு, ஜீவனம் கிடைத்தது. இந்த நன்மைகளை மறுப்பவன் நன்றி கெட்டவன்.

ஆனால் கழிவு நீர் எங்கே போகும், அதைச் சுத்தம் செய்யும் செலவு யாருடையது என்று ஆரம்பத்திலேயே கேட்டவர்கள் எத்தனை பேர்? விளைவு யாவரும் அறிந்ததே. வேலூர் பிரஜைகள் நலச் சங்கத்தார் 1991-ம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1996 ஆகஸ்டு 28-ந் தேதி நீதிபதி குல்தீப் சிங் முதலியோர் தீர்ப்பளித்தார்கள். தோல் தொழில் பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிற்றென்ற ஆராய்ச்சி அத்தீர்ப்பிலே எடுத்துரைக்கப்பட்டது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும். கெடுதி நேருமுன் எச்சரிக்கையாய் இருக்க வேண்டும் என்ற இரு தத்துவங்களும் இந்நாட்டின் சட்டமாயின. அப்படியும் வழக்கு தீர்ந்தபாடில்லை. 2025 ஜனவரியில் அதே கோர்ட்டு பாலாற்றைக் காக்கவும் நஷ்டஈடு வழங்கவும் மறுபடி கட்டளையிட நேர்ந்தது. யந்திரமும் ரசாயனமும் ஓரிரு நாளில் வேலையை முடித்தன. கணக்குத் தீர்க்கவோ முப்பது வருஷங்களும் போதவில்லை.

சங்கீதத்திலும் இன்று இதே நிலைமை ஏற்பட்டிருக்கிறது. 808 பெட்டியும் கீ போர்டும் மனிதன் வாசித்தால்தான் ஒலிக்கும். இப்போது வந்திருக்கும் யந்திரமோ, இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் பாட்டையும் மெட்டையும் குரலையும் தானே செய்து தருகிறது. அதற்கு அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது? மனிதர்கள் பாடிப் பதிவு செய்த எண்ணற்ற பாட்டுக்களை அதற்குப் புகட்டியதால் வந்தது. ஸூனோ, யூடியோ என்னும் இரண்டு கம்பெனிகள் மீது அமெரிக்காவின் பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகள் 2024 ஜூனில் வழக்குத் தொடர்ந்ததும் இதற்காகவே. 2025-ம் வருஷத்தில் அவ்வழக்குகளில் சில சமரசமாயின. கம்பெனியும் கம்பெனியும் கைகுலுக்கிக்கொண்டன. பாடியவனுக்குக் கிடைக்கும் பங்கு என்ன என்பதே நமது கேள்வி.

இக்கேள்வி நமது ஊருக்குத் தூரமானதன்று. வாணி ஜெயராம் 1945-ம் வருஷம் இதே வேலூரில் பிறந்தவர். மூன்று முறை தேசிய விருது பெற்ற அக்குரல் 2023 பிப்ரவரியில் ஓய்ந்தது. அதன் பதிவுகள் அளவின்றி உலவுகின்றன. நாளை ஒருவன் தன் அறையில் உட்கார்ந்து, அந்த அம்மையார் ஒருபோதும் பாடச் சம்மதித்திராத ஓர் ஆபாசப் பாட்டையோ, ஒரு கட்சியின் தேர்தல் பாட்டையோ அக்குரலில் பாடவைத்தால் தடுப்பது யார்? 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ம் வருஷம் கலைஞர்களின் உரிமை சேர்க்கப்பட்டது. அது அவர்கள் நிகழ்த்திய கச்சேரியையும் அதன் பதிவையும் காக்கிறது. அவர்களுடைய குரலின் சாயலை அது வெளிப்படையாய்க் குறிப்பிடவில்லை. அரிஜித் சிங்கின் குரலை அனுமதியின்றி நகலெடுப்பதை பம்பாய் ஹைகோர்ட்டு 2024 ஜூலையில் தடுத்தது பாராட்டத்தக்கதே. ஆனால் கோர்ட்டுக்குப் போக வசதியுள்ள பிரபல பாடகருக்குக் கிடைத்த நீதி, குடியாத்தத்துத் திருவிழாவில் பாடும் மெல்லிசைப் பாடகனுக்கும் கிடைக்குமென்று யார் உறுதி கூறுவது?

ஆகையால் யந்திரத்தைத் தடை செய்யும்படி நாம் கேட்கவில்லை. அது ஆகாத காரியம், அவசியமுமில்லை. நாம் கேட்பவை நான்கு. உயிரோடிருப்பவரானால் அவருடைய, காலஞ்சென்றவரானால் அவருடைய வாரிசுகளின் எழுத்து மூலமான சம்மதமின்றி எக்குரலையும் யந்திரத்தில் வார்க்கலாகாது. ஒரு தடவைக் கூலியோடு கணக்கை முடிக்காமல், அக்குரலோ வாத்திய ஒலியோ விலைபோகுந்தோறும் கலைஞனுக்குப் பங்கு சேரவேண்டும். யந்திரம் பாடிய பாட்டை யந்திரம் பாடியதென்றே வெளிப்படையாய் அறிவிக்க வேண்டும். யந்திரத்துக்கு எந்தப் பதிவுகளைப் புகட்டினோம் என்ற ஜாபிதாவை அதன் சொந்தக்காரர்கள் வெளியிட வேண்டும். ரஹ்மான் அவர்கள் தாமாகவே சம்மதமும் பெற்று ஊதியமும் கொடுத்தார். ஒருவருடைய நல்ல குணத்தால் நடந்ததை எல்லோருக்கும் பொதுவான விதியாக்க வேண்டுமென்பதே நமது கோரிக்கை.

இப்படிப்பட்ட விதிகளால் புதுத் தொழில் முடங்கும் என்று சிலர் கூச்சலிடுவார்கள். கழிவு நீரைச் சுத்தம் செய்யச் சொன்னபோதும் தோல் தொழில் அழிந்துவிடும் என்றுதான் கூச்சலிட்டார்கள். தீர்ப்பு வந்து முப்பது வருஷங்களாகியும் ஆம்பூர்ப் பாதரக்ஷை கப்பலேறிக்கொண்டுதானிருக்கிறது. தொழிலைக் கெடுத்தது விதியன்று. விதி காலதாமதமாய் வந்ததே ஆற்றைக் கெடுத்தது.

மின்னிசையை நேசிக்கும் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஆசையை நாம் குறை கூறவில்லை. டெட்ராயிட்டின் ஆலைப் பிள்ளைகள் செய்ததை ஆம்பூரின் ஆலைப் பிள்ளைகளும் செய்யட்டும். உங்கள் தெருவின் சப்தம், உங்கள் தாய்மார் நாள் முழுதும் கேட்கும் தையல் யந்திரத்தின் லயம், பாலாற்று மணலின் மௌனம் இவற்றிலிருந்து இதுவரை ஒருவரும் கேளாத சங்கீதத்தைப் பிறப்பியுங்கள். ஆனால் நீங்கள் தட்டும் ஒவ்வொரு சதுரத்துக்குப் பின்னும் ஒரு மனிதனின் கை இருந்தது என்பதை மறவாதீர்கள். அவனுக்கு உரியதை வாங்கிக் கொடுக்கும் சட்டத்தைக் கேட்பதில் தேசத் தொண்டர்களோடு நீங்களும் முன் நில்லுங்கள். ஆறு கெட்ட பிறகு வழக்காடிய தலைமுறை நாம். உங்கள் தலைமுறையாவது முன்கூட்டியே கணக்குக் கேட்கட்டும்.