மகள் கேட்கும் பாட்டு



மகளின் அறையில் பாட்டுக் கேட்கிறது. சற்று நின்று சொற்களைக் கவனித்த உம்மாவுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. நம் வீடுகளிலும் நடப்பதுதானே?

அமெரிக்காவில் டிப்பர் கோர் என்ற தாய்க்கும் இதுவே நடந்தது. பதினொரு வயது மகளுக்காக வாங்கிய பிரின்ஸ் என்ற பாடகரின் இசைத்தட்டில் ஆபாசம் இருக்கக் கண்டு அதிர்ந்து போனார். அந்த அதிர்ச்சியில் தவறு காண என்னால் முடியவில்லை. ஆனால் அவர் செனற்றர் அல் கோரின் மனைவி. 1985இல் செல்வாக்குள்ள வேறு சில மனைவிமாரோடு ஓர் அமைப்பைத் தொடங்கி, இசைத்தட்டுகளில் எச்சரிக்கை ஒட்டும்படி கேட்டார். சட்டம் வேண்டாம், கம்பனிகள் தாமாகச் செய்தால் போதும் என்றார்கள். ஆயினும் விடயம் செனற் சபைக் குழுவுக்குப் போனது. அக்குழுவில் அல் கோரும் ஒருவர்!

செப்டம்பர் 19ஆம் திகதி இசைக்கலைஞர்கள் மூவர் எதிர்த்துச் சாட்சி சொன்னார்கள். ஜோன் டென்வர் மலைகளையும் விண்மீன்களையும் கண்ட பரவசத்தைப் பாடியவர். அந்தப் பாட்டைப் போதைப்பொருள் பாட்டென்று சில வானொலிகள் தடுத்த கதையைச் சொன்னார். அடுத்தவர் டீ ஸ்னைடர். நீண்ட தலைமயிர், கையில்லாத சட்டை. பார்த்தவர் முகம் சுளித்திருப்பார்கள். அவரோ, தாம் புகைப்பதில்லை, குடிப்பதில்லை, மூன்று வயது மகனின் தகப்பன் என்றார். வன்கொடுமைப் பாட்டென்று டிப்பர் கோர் குற்றஞ்சாட்டியிருந்த அவருடைய பாட்டு, உண்மையில் தம் குழுவிலுள்ள நண்பரின் தொண்டைச் சத்திரசிகிச்சையையும் அந்தப் பயத்தையும் பற்றியதாம்.

நல்லெண்ணத்தோடு வந்தவர்களே இப்படிப் பிழையாக விளங்கிக்கொண்டால், அதிகாரமுள்ளவர் கையில் கத்தரிக்கோலைக் கொடுப்பது எப்படி?

எனக்கு மிகவும் பிடித்தது பிராங்க் ஸப்பா என்பவரின் யோசனை. பாட்டின் வரிகளையே உறையில் அச்சிட்டுவிட்டால், பெற்றோர் வாசித்துப் பார்த்து வாங்கட்டும் என்றார். அவர் தம் கூட்டத்தில் பொல்லாத வாய்க்காரர்தான். ஆனால் ஒரு தாய்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அது நடக்கவில்லை. கம்பனிகள் அதே ஆண்டு நவம்பரில் எச்சரிக்கை ஒட்ட இணங்கின. 1990இல் கறுப்பு வெள்ளை முத்திரை வந்தது. சில பெரிய கடைகள் முத்திரையிட்டவற்றை விற்க மறுத்தன. முத்திரை ஒட்டுவது யார்? பாட்டை விற்கும் கம்பனியேதான்.

இன்று பாட்டின் வரிகளைக் கைத்தொலைபேசியிலேயே வாசிக்கலாம். மகளிடம் தொலைபேசியைப் பறிக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து, "இதுக்கு என்ன அர்த்தம் மகள்?" என்று கேட்டுப் பார்த்த உம்மாமார் இருந்தால், அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.