நத்தைக்குக் கொடுத்த கஷாயம்

சீனத்து மூலிகைக் கஷாயத்தை நத்தையின் நரம்பில் ஊற்றிச் சோதித்தார்கள் என்று சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரும். எனக்கு வராது. கல்லூரியில் விலங்கியல் நடத்தியே காலத்தைக் கழித்தவன் நான். அந்தக் காலத்து பி.எஸ்ஸி. விலங்கியல்காரர்களுக்கு நினைவிருக்கும்: மெழுகுத் தட்டில் பைலா நத்தையைக் குத்தி வைத்து, அதன் நரம்பு மண்டலத்தை அறுபடாமல் பிரித்துக் காட்ட வேண்டும். வெள்ளை நூல் மாதிரி இருக்கும். அடியில் கறுப்புக் காகிதத் துண்டைச் செருகினால்தான் கண்ணுக்கே தெரியும். பரீட்சையில் பாதிப் பேருக்கு அந்த நூல் அறுந்துதான் போகும்.

அந்த நூலுக்குள் என்ன ஓடுகிறது என்பதை உலகத்துக்குச் சொன்னதும் நத்தையின் உறவுக்காரன்தான். ஊசிக் கணவாயின் உடலில் ஒரு நரம்பு இழை அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை தடிமனாக இருக்கும். நம் உடம்பில் தடித்த இழை என்பதே ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். கணவாயின் இழைக்குள் மின்கம்பியையே நுழைக்கலாம். 1939-இல் இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரை ஆய்வுக்கூடத்தில் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இருவர் அதைத்தான் செய்தார்கள். உடனே யுத்தம் வந்துவிட்டது. மிச்ச வேலையை முடித்து 1952-இல் வெளியிட்டார்கள். சோடியம் உள்ளே பாய்கிறது, பொட்டாசியம் வெளியே போகிறது, அந்தக் கண நேர மின் அலைதான் நரம்புச் செய்தி என்று கணக்குப் போட்டே காட்டினார்கள். 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிறகு எரிக் காண்டல், கடல் முயல் என்னும் ஓடில்லாத கடல் நத்தையை வைத்து ஞாபகம் எப்படிப் பதிகிறது என்று கண்டறிந்து 2000-இல் அதே பரிசை வாங்கினார். கடல் முயலுக்கு மொத்தமே சுமார் 20,000 நரம்பணுக்கள். நமக்குச் சுமார் 8,600 கோடி. எண்ணிக்கையில்தான் இந்த மலையளவு வித்தியாசம். ஒரு நரம்பணு மின்சாரத்தை உண்டாக்கும் விதம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே.

ஆகவே ஒரு மருந்து நரம்பில் என்ன செய்கிறது என்று பார்க்க நத்தையிடம் போவது மட்டமான காரியம் இல்லை. நம் முருங்கையையும் வாழையையும் தின்று தீர்க்கிறதே, அந்த ஆப்பிரிக்க ராட்சத நத்தைகூட ஜப்பானிய ஆய்வுக்கூடங்களில் இந்த வேலைக்குப் பயன்பட்டிருக்கிறது.

இனி அந்தக் கஷாயத்துக்கு வருகிறேன். சுமார் 1,800 வருஷத்துக்கு முன் சீனாவில் ஜாங் ஜோங்ஜிங் என்ற வைத்தியர் எழுதிய நூலில் ஒன்பது சரக்குகள் சேர்ந்த கஷாயம் ஒன்று இருக்கிறது. அதிமதுரம், பட்டை, இஞ்சி, இலந்தை வகைப் பழம் ஆகிய நான்கும் நமக்கும் பழக்கமானவை. ஜின்செங் பலருக்குப் பெயரளவில் தெரியும். மற்றவை பியோனிச் செடியின் வேர் முதலான சீன மூலிகைகள். ஜப்பானியர்கள் இதை ‘சைகோ கெய்ஷி டோ’ என்கிறார்கள். பியோனி வேரைக் கூடுதலாகச் சேர்த்து, அங்குள்ள மருத்துவர்கள் வலிப்பு நோய்க்கும் கொடுத்து வந்தார்கள். அது உண்மையிலேயே நரம்பில் வேலை செய்கிறதா என்று பார்க்க, 1970-களின் பிற்பகுதியிலிருந்து சுகாயா என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் ஜப்பானியத் தரை நத்தையை எடுத்துக்கொண்டார்கள். வலிப்பை வரவழைக்கும் ஒரு ரசாயனத்தை நத்தையின் நரம்பணுவுக்குக் கொடுத்தால், அது நிதானம் இழந்து கொத்துக் கொத்தாக மின் அலைகளைக் கக்கும். வலிப்பு வந்தவரின் மூளையணு செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். கஷாயத்தின் சாரத்தைச் சேர்த்தபோது அந்த ஆட்டம் அடங்கியது. பிறகு எலிகளிலும் சோதித்தார்கள். நல்ல வேலை, பொறுமையான வேலை. அதில் எனக்குக் குறையே இல்லை.

குறை அதற்கப்புறம் நடப்பதில்தான். ஆய்வுக்கூடத்திலிருந்து இந்த மாதிரிச் செய்தி வெளியே வரும்போது நத்தை வழியிலேயே காணாமல் போய்விடுகிறது. ‘விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்’ என்பது மட்டும் வந்து சேர்கிறது.

மைதானத்தில் நடக்க வருகிற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். பலசரக்குக் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வாக இருப்பவர். அவருடைய பேத்திக்கு வலிப்பு. மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. ஆனாலும், “காலம் பூராவும் இங்கிலீஷ் மருந்து திங்கணுமா சார்?” என்ற கவலை அவருக்கு. யாரோ வாட்ஸப்பில் சீன மூலிகைச் செய்தி ஒன்றை அனுப்பியிருந்தார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு அதை வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டார். ஜப்பானில் நடந்த சோதனையைச் சொல்லி, அது முதலில் நத்தையில் நடந்தது என்றேன். அவர் விடவில்லை.

“நத்தைக்கு நின்னுச்சுன்னா மனுஷனுக்கு நிக்காதா சார்?”

இதைவிட நல்ல கேள்வியை என் மாணவர்கள்கூடக் கேட்டதில்லை. நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்பதுதான் பதில். கிண்ணத்தில் கிடக்கும் நத்தையின் நரம்பு மருந்திலேயே குளிக்கிறது. மனிதன் குடிக்கிற கஷாயம் இரைப்பையைத் தாண்ட வேண்டும். குடலில் சேர வேண்டும். கல்லீரல் அதை உடைத்து மாற்றும். மிஞ்சியது ரத்தத்தில் கலந்து, பிறகு மூளையின் ரத்தக் குழாய்களில் உள்ள தடுப்பையும் கடக்க வேண்டும். எவ்வளவு போய்ச் சேருகிறது? ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு சண்டை போடுமா? கிண்ணத்தில் இதற்கெல்லாம் பதில் கிடையாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதையும் அண்ணாச்சியிடம் கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னேன்.

கிண்ணத்தில் இல்லாத இன்னொன்று நுரையீரல். நான் சொன்ன ஒன்பது சரக்கில் பட்டையையும் பியோனி வேரையும் எடுத்துவிட்டால் மிஞ்சும் ஏழும் சேர்ந்தது ‘ஷோ சைகோ டோ’ என்ற வேறொரு கஷாயம். அதுவும் அதே பழைய நூலில் உள்ளதுதான். ஜப்பானில் கல்லீரல் அழற்சிக்காரர்களுக்கு ஏராளமாகக் கொடுக்கப்பட்டது. சிலருக்கு அதனால் நுரையீரலில் கடுமையான அழற்சி வந்தது. இன்டர்ஃபெரான் ஊசி போடுகிறவர்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று 1994-இல் தடை வந்தது. 1996-இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் அவசர எச்சரிக்கை விட்டது. 88 பேருக்குப் பாதிப்பு, அவர்களில் 10 பேர் இறந்துபோனார்கள். ஆயிரத்தெண்ணூறு வருஷமாகப் புழங்கி வந்த மருந்து.

இந்தப் பத்து உயிர்களின் கணக்கு எப்படித் தெரிய வந்தது என்பதை யோசிக்க வேண்டும். ஜப்பானில் இந்தக் கஷாயங்களைச் சீட்டு எழுதிக் கொடுப்பவர்கள் எம்.பி.பி.எஸ். மாதிரி நவீன மருத்துவம் படித்த டாக்டர்கள். அரசின் மருத்துவக் காப்பீட்டிலேயே இவை சேர்ந்திருக்கின்றன. மருந்து கொடுத்தவரே எக்ஸ்ரேயையும் பார்த்ததால் விஷயம் வெளியே வந்தது. எண்ண ஆள் இல்லாத இடத்தில் இதே மரணம் ‘வயசாயிடுச்சு, நெஞ்சுச் சளி’ என்று போயிருக்கும். பாரம்பரிய மருத்துவத்துக்குப் பக்க விளைவே இல்லை என்று அடித்துச் சொல்கிறவர்களில் பலர், யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதைத்தான் வேறு வார்த்தையில் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெல்ஜியத்தில் நடந்தது இன்னும் மோசம். சீனத்தில் ‘ஃபாங் ஜி’ என்று ஒரு வேர் உண்டு. அதிலுள்ள டெட்ராண்ட்ரின் என்ற சத்து, உயிரணுக்களில் கால்சியம் நுழையும் வாசலை அடைக்கும் என்று ஆய்வுக்கூடத்தில் நன்றாகவே காட்டியிருக்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலியச் சிகிச்சைக்குப் போன பெண்களுக்கு இந்த வேர் என்று நினைத்து மாத்திரை கொடுத்தார்கள். பெயர் ஒற்றுமையால் அதில் வந்து விழுந்தது ‘குவாங் ஃபாங் ஜி’ என்ற வேறொரு வேர். சுமார் நூறு பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்த வேரில் இருந்த விஷம் அரிஸ்டோலோகிக் அமிலம். நத்தையைக் கேட்டிருந்தால்கூட இங்கே பயனில்லை. சோதித்தது ஒரு வேர், பொட்டலத்தில் வந்தது வேறொரு வேர். நம் ஊர் வேலியோரம் முளைக்கும் ஆடுதீண்டாப்பாளையும் அந்த விஷ வேரின் குடும்பம்தான், அதே அமிலம் அதிலும் உண்டு. பாட்டி வைத்தியம் என்று அதை உள்ளுக்குச் சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, நான் பழைய வைத்தியத்துக்கு எதிரி என்று யாரும் பின்னூட்டம் போட வேண்டாம். எல்லாமே புருடா என்று ஒதுக்குகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. மலேரியாவுக்கு இன்று உலகம் முழுவதும் கொடுக்கும் ஆர்ட்டிமிசினின், பழஞ்சீன நூல் ஒன்றில் கிடைத்த குறிப்பைப் பிடித்துக்கொண்டு தூ யூயூ என்ற பெண்மணி எடுத்ததுதான். 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். சிப்பி ஓட்டையும் சிப்பி இனத்து வேறு ஓடுகளையும் படபடப்புக்கும் தலைசுற்றலுக்கும் சீனர்கள் கொடுப்பதும், நம் சித்த வைத்தியர்கள் சங்கு பற்பம் செய்வதும் யோசிக்காமல் வந்தவை அல்ல.

ஆனால் குறிப்பிலிருந்து மருந்துக்குப் போகிற பாதை நீளமானது. அதற்கும் நத்தை இனத்திலேயே உதாரணம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவிலும் கூம்பு நத்தைகள் உண்டு. அழகான ஓடு, கொட்டினால் விஷம். அந்த இனத்தில் ஒன்றின் விஷத்திலிருந்து, பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டொமெரோ ஒலிவேராவின் அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் 1980 வாக்கில் ஒரு பொருளைப் பிரித்தார்கள். நரம்பில் வலிச் செய்தி தாவும் இடத்தில் கால்சியம் வாசலை அது அடைக்கிறது. அதுவே ஸிகோனோடைட் என்ற வலி மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2004 டிசம்பரில். கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது. அதையும் வாயில் போட்டுக்கொள்ள முடியாது. சிறு பம்பு வைத்து முதுகுத் தண்டைச் சுற்றியுள்ள நீரில்தான் செலுத்த வேண்டும். குழப்பம், பிரமை எல்லாம் வரலாம் என்று மருந்தோடு எழுதியே கொடுக்கிறார்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு அதிமதுரம் பற்றியும் ஒரு வார்த்தை. தொண்டைக்கு ஒரு துண்டு மென்றால் ஒன்றும் ஆகாது. தினமும் கஷாயமாகக் குடித்தால் உடம்பில் பொட்டாசியம் குறையும், பி.பி. ஏறும். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அதிமதுரம் சேர்ந்த கஷாயங்களுக்கு ஜப்பானில் இந்த எச்சரிக்கையை அச்சடித்துத்தான் கொடுக்கிறார்கள். டாக்டர் “வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டால், மூலிகைதானே என்று மறைக்காமல் டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அண்ணாச்சி இரண்டு நாள் கழித்து அந்த டப்பாவை மைதானத்துக்கே கொண்டுவந்துவிட்டார். ஏற்கெனவே வாங்கித்தான் வைத்திருந்திருக்கிறார், மனுஷர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எட்டு மூலிகைப் பெயர்கள் இருந்தன. ஒன்றுக்கும் அளவு இல்லை. ‘பக்க விளைவுகள் அற்றது’ என்பது மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. பேத்தியின் டாக்டரிடம் இதைக் காட்டிக் கேளுங்கள், அதுவரை பிரிக்க வேண்டாம் என்றேன். சரி என்று மடியில் செருகிக்கொண்டார்.