முட்டைத் திருடன் யார்?

ஹைதராபாத்தின் வடகிழக்கு ஓரத்தில் ஜவஹர்நகர் குப்பைக் கிடங்குக்கு மேலே வட்டமிடும் பருந்துகளை எண்ணப் பார்ப்பது வீண் வேலை. நகரம் தினமும் அனுப்பும் ஆயிரக்கணக்கான டன் குப்பையில் பருந்துகளுக்கும் காகங்களுக்கும் விடாத பந்தி. பழைய குப்பை மலையை மூடியாகிவிட்டது; 2020ல் குப்பையிலிருந்து மின்சாரமும் எடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் புதுக் குப்பை வருவது நிற்கவில்லை. கோழிக்கடைக் கழிவு கிடக்கும் தெருமுனைகள் தனிக் கணக்கு.

இந்தப் பந்திக்கு வெளியேயும் சாப்பாடு உண்டு. ஏரிக் கரையிலும் தரிசிலும் வெறும் தரையில் முட்டையிடும் ஆள்காட்டி போன்ற பறவைகளின் கூடு காகத்தின் கண்ணில் பட்டால் முட்டை மிஞ்சாது. குஞ்சு பொரித்துவிட்டாலோ, பருந்து இருக்கிறது. அப்படியானால் அரிய பறவைகளைக் காப்பாற்ற, குப்பையில் கொழுத்த இந்தக் கொள்ளைக்காரர்களைச் சுட்டுத் தள்ளினால் என்ன?

சில நாடுகள் இதைச் செய்தே பார்த்துவிட்டன. இங்கிலாந்தில் பிற பறவைகளைக் காப்பதற்காகக் காகங்களைக் கொல்லப் பொது உரிமம் உண்டு. 2019ல் வழக்குக்குப் பயந்து அதை ரத்து செய்த அரசு, பிறகு புதிய நிபந்தனைகளோடு மீண்டும் கொடுத்தது. கென்யாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். அங்கே குற்றவாளி நம்மூர் வீட்டுக் காகமேதான். 1890களில் குப்பையைத் தின்னட்டும் என்று ஜான்சிபார் தீவுக்குக் கொண்டுபோன இனம், கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை முழுக்கப் பரவி உள்ளூர்ச் சிறு பறவைகளின் கூடுகளைச் சூறையாடுகிறது. 10 லட்சம் காகங்களை ஒழிக்கப்போவதாக 2024ல் கென்ய வனவிலங்குத் துறை அறிவித்தது. இங்கே அமாவாசைக்குச் சோறு வைத்துக் கூப்பிடுகிறோம். அங்கே விஷம் வைக்கிறார்கள். ஜான்சிபாரிலும் 1990களில் பெரிய அளவில் காக ஒழிப்பு நடந்தது. பணம் நின்றது, காகம் திரும்பியது.

இந்தியாவில் இதற்குச் சட்டம் கிட்டத்தட்ட இடமே தரவில்லை. 1972ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவாலோடு காகமும் தீங்குயிராக இருந்தது, யாரும் கொல்லலாம். 2022 திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. இப்போது 62வது பிரிவின் கீழ் மத்திய அரசு தனி அறிவிக்கை வெளியிட்டால்தான் உண்டு, அதுவும் குறிப்பிட்ட இடத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு. பீகாரில் நீலான், உத்தரகண்டில் காட்டுப்பன்றி என்று இந்தப் பிரிவு பயன்பட்டதெல்லாம் பயிர் சேதத்துக்காக. 11வது பிரிவோ மனித உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து என்றால் அனுமதி தருகிறது. முட்டையை இழக்கும் பறவை அந்தக் கணக்கில் வராது. 12வது பிரிவு அறிவியல் முறையில் வனவிலங்குகளின் எண்ணிக்கையை ஒழுங்குபடுத்த அனுமதிக்கிறது. ஆனால் கொல்லக்கூடாது, விஷம் வைக்கக்கூடாது.

சட்டம் வழிவிட்டாலும் பலன் கிடைக்குமா? ஆய்வுகள் சொல்வது இரண்டுங்கெட்டான் பதில். இசபெல் கோட்டே, வில்லியம் சதர்லாண்ட் இருவரும் 1997ல் அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். எதிரிகளை அகற்றினால் அதிக முட்டைகள் பொரிக்கின்றன, ஆனால் அடுத்த பருவத்தில் கூடு கட்டும் பறவைகள் கூடுவது நிச்சயமில்லை என்று தெரிந்தது. 2010ல் இன்னும் பெரிய அலசல் ஒன்று, அந்த எண்ணிக்கையும் கூடுவதுண்டு என்று காட்டியது. ஆக, முறை அடியோடு பொய்யல்ல. ஆனால் காப்பாற்றப்படும் குஞ்சுக்கு வளர இடம் இருக்க வேண்டும்.

இடம் போனால் என்ன ஆகும் என்பதற்கு ரொள்ளபாடுதான் சாட்சி. ஹைதராபாத்திலிருந்து தெற்கே, கர்நூலைத் தாண்டி உள்ள புல்வெளி. தெலுங்கில் பட்டமேகபிட்ட என்றழைக்கப்படும் கானமயிலுக்காக 1988ல் அறிவிக்கப்பட்ட சரணாலயம். பரப்பு ஆறு சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். இவ்வளவு பெரிய பறவைக்கு அது முற்றம் மாதிரி. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆசாத் ரஹ்மானியும் சகாக்களும் 1980களில் இங்கே தங்கி ஆராய்ந்தார்கள். கானமயில் பொதுவாக ஒரு பருவத்தில் ஒரே ஒரு முட்டை இடும், அதுவும் வெறும் தரையில். நரி, உடும்பு, காகம், நாய் எதுவும் அதை விட்டுவைக்காது. திருடர்களைப் பிடி என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

ஆனால் திருடர்கள் அங்கே புதிதாக வந்தவர்கள் அல்ல. நரியும் உடும்பும் காகமும் இருந்தபோதேதான் கானமயில் தக்காண வெளியெங்கும் திரிந்தது. புதிதாக வந்தது தண்ணீர். ஸ்ரீசைலம் வலது கிளைக் கால்வாயும் அலகனூர் நீர்த்தேக்கமும் வந்தன; சரணாலயத்தைச் சுற்றியிருந்த மானாவாரி நிலமும் மேய்ச்சல் வெளியும் பாசன வயல்களாயின. விவசாயிக்கு அது வாழ்வு, அவரைக் குறை சொல்ல முடியாது. வேலிக்குள்ளே காத்த புல்வெளியில் வெளிமான்கள் பெருகி அதே வயல்களில் மேய்ந்தன; ஊருக்கும் சரணாலயத்துக்கும் ஆகாமல் போனது. கடைசியில், கானமயிலுக்காக உண்டான சரணாலயத்தில் கானமயிலைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. ஹைதராபாத் அதிகாரிகள் அன்று காகங்களையெல்லாம் சுட உத்தரவு போட்டிருந்தாலும் கால்வாய் நின்றிருக்காது.

காகத்துக்கும் நாய்க்கும் விருந்து வைத்ததும் மனிதன்தான். மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் மருந்தால் 1990களில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2006ல் தடை வருவதற்குள் செத்த மாடுகள் நாய்களின் பங்காகிவிட்டன. நாய் பெருகிய புல்வெளியில் தரைக்கூடு எத்தனை நாள் தாங்கும்?

நாட்டில் மிச்சமிருக்கும் கானமயில்கள் 150 கூட இல்லை என்பது பரவலான மதிப்பீடு, பெரும்பாலானவை ராஜஸ்தானில். அங்கே புல்வெளியின் சில பகுதிகளுக்கு வேலி போட்டு நாய், நரியைத் தடுக்கிறார்கள். காகத்தை வேலி தடுக்காது. 2019 முதல் காட்டில் இட்ட முட்டைகளில் சிலவற்றை எடுத்து, ஜெய்சல்மேர் அருகே சாம் என்ற இடத்தில் இன்குபேட்டரில் பொரிக்கவைத்து வளர்க்கிறார்கள். 2024ல் செயற்கைக் கருவூட்டல் மூலமும் ஒரு குஞ்சு பிறந்தது. துப்பாக்கி இல்லாமல் முட்டை தப்பிக்கிறது.

ஆனால் அந்தக் குஞ்சுகளை என்றாவது திறந்துவிட வேண்டும். தார் பாலைவனத்தில் வளர்ந்த கானமயில்களை அதிகம் கொல்வது பருந்தோ காகமோ அல்ல, மின்கம்பிகள். பக்கவாட்டுப் பார்வை கொண்ட இந்தக் கனத்த பறவை, எதிரே வரும் கம்பி தெரிந்து திரும்புவதற்குள் மோதிவிடுகிறது. கம்பிகளைப் பூமிக்கு அடியில் புதைக்க 2021 ஏப்ரலில் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், சூரிய மின்சாரத் தேவையும் முக்கியம் என்று 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் விட்டது. ரொள்ளபாடுவுக்கு அப்படி ஒரு வழக்கும் வரவில்லை. அங்கே மறுபடியும் கானமயிலை விடுவதானால், வயலாகிப்போன மேய்ச்சல் வெளியில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை முதலில் விவசாயிகளோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.