கம்பெனி விடும் முன்பே மூடிவிடும் பால்வாடி

காலை எட்டு மணிக்கு முன்பு தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். இரண்டு பக்கமிருந்தும் வரும் மின்ரயில்கள், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் சாப்பாட்டுப் பையுமாகப் பெண்களை இறக்கிவிட்டுப் போகின்றன. 1984-இல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தை நோக்கி அந்தக் கூட்டம் விறுவிறுவென்று நகர்கிறது. நடந்துகொண்டே ஒருத்தி போனில் கேட்கிறாள்: "பால் குடிச்சானா? தூங்கிட்டானா?" மறுமுனையில் இருப்பது மாமியாரா, பக்கத்து வீட்டு அக்காவா, மாதக் கட்டணம் வாங்கும் டே கேர் ஆயாவா? அந்த வீட்டின் வரவு செலவு அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

பேச்சுக்கு ஒரு கணக்கு. கைக்கு வரும் சம்பளம் 16,000 ரூபாய்; டே கேர் கட்டணம் 6,000. பால் பவுடர், டயபர், ஷேர் ஆட்டோ, கூட்டிப்போக நேரமானால் அதற்குத் தனியாகக் கொஞ்சம். மிஞ்சுவது எட்டாயிரமோ ஒன்பதாயிரமோ. உடனே வீட்டில் யாராவது ஆரம்பிப்பார்கள்: "இதுக்காகவா வேலைக்குப் போகணும்?" அந்த 6,000 அம்மாவின் சம்பளத்தில் மட்டும்தான் கழிகிறது. அப்பாவின் சம்பளத்தில் கழித்துப் பார்த்த வீடு பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை தேடினாலும் எத்தனை கிடைக்குமோ!

சட்டத்திலும் இந்தக் கோணல் உண்டு. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு பலன் சட்டம் கொண்டுவந்த விதிப்படி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். 50 என்று எண்ணும்போது ஆண்களையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். ஆனால் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவரும் உரிமை தாய்க்கு மட்டும்தான். இருபது தையல் மெஷின் போட்ட சின்னக் கம்பெனிக்கும், நான்கு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவருக்கும் இந்தச் சட்டத்தின் காப்பகத்தால் ஒரு பயனும் இல்லை.

அதே சட்டம் வகுத்த, சம்பளத்தோடு கூடிய விடுப்பு 26 வாரம். அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டவர் வேலைக்குத் திரும்பும் நாளில் பிள்ளைக்கு நாலு மாதம் முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கும். தமிழக அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு. நல்லது, ஆனால் மெப்ஸில் வேலை பார்ப்பவரின் பிள்ளை மட்டும் சீக்கிரம் வளர்ந்துவிடுமா?

தெருவுக்குத் தெரு பால்வாடி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அங்கே உட்காரவைத்துப் பார்த்துக்கொள்வது இரண்டு வயது தாண்டிய பிள்ளைகளை. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குச் சத்துமாவுப் பொட்டலம் தருகிறார்கள். அதைக் கரைத்து ஊட்ட ஒரு கை வேண்டுமே, அதை யார் தருவது? போதாக்குறைக்கு, மாலையில் கம்பெனி விடும் முன்பே பால்வாடியைப் பூட்டிவிடுகிறார்கள்.

இந்த ஓட்டை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. பால்வாடி என்று நாம் சொல்லும் அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. அதற்கு அடிப்படை போட்டவற்றில் ஒன்று, மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972-இல் தந்த அறிக்கை. தாயின் வேலையையும் பிள்ளையின் பராமரிப்பையும் சேர்த்தே யோசிக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் சென்னையிலிருந்து எழுதி வந்த அவர் 2022-இல் காலமானார். இப்போது மத்திய அரசின் 'பால்னா' திட்டத்தில் அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்த வழி இருக்கிறது.

தமிழ்நாடு இதைத் தன் சொந்தத் திட்டமாகவே எடுத்துச் செய்யலாம். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு 43 பேர் இந்த மாநிலத்தில் இருக்கிறார்கள் என்கிறது 2019-20 தொழிற்சாலைகள் ஆய்வு. பணத்துக்கு எங்கே போவது என்பார்கள்; 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்தபோதும் கஜானா தாங்குமா என்றுதான் கேட்டார்கள். கனடாவின் கியூபெக் மாகாணம் 1997-இல் நாளுக்கு ஐந்து டாலருக்குக் குழந்தைப் பராமரிப்பு தரத் தொடங்கியது; வேலைக்குப் போகும் தாய்மாரின் எண்ணிக்கை அங்கே கூடியது. இடம் போதாமல் காத்திருப்புப் பட்டியல் நீண்டதும், எல்லா மையமும் ஒரே தரத்தில் இல்லை என்ற புகார் எழுந்ததும் உண்மை. அவசரக் கோலம் கூடாது என்பதற்கு அதை எடுத்துக்கொள்ளலாம். செய்யாமலிருக்கச் சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒன்றை மட்டும் செய்துவிடக் கூடாது: கணக்கெடுப்பு, எடைப் பதிவு, செல்போன் செயலி என்று ஏற்கெனவே திணறும் அங்கன்வாடி ஊழியர் தலையிலேயே மாலை நேரத்தையும் கட்டுவது. மாலைக்குத் தனி ஆள், தனிச் சம்பளம். மூன்று வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைக்கு ஒருவர் என்று மத்திய அரசின் காப்பக வழிகாட்டுதலே சொல்கிறது.

2021-இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத்தான் தாம்பரம் மாநகராட்சி உருவானது. அந்த மாநகராட்சியிலேயே இதைத் தொடங்கிப் பார்க்கலாம்: முதலில் சானடோரியம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் ரயில் நிலையங்களை ஒட்டி நிலையத்துக்கு ஒரு பால்வாடியை எடுத்துக்கொண்டு, ஆறு மாதக் குழந்தை முதல் சேர்த்து, இரவு எட்டு மணி வரை திறந்து வைக்கலாம். சாயங்கால ரயிலில் வந்து இறங்குபவர், அவர் அம்மாவோ அப்பாவோ, வீட்டுக்குப் போகிற வழியிலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகட்டும்.