மீன் எண்ணெய் மாத்திரை குடியை நிறுத்தாது

கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்தவருக்கு அதுவரை காத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி; அங்கே கடைகள் முன்னதாகவே திறந்துவிடும். சட்டைப் பையில் அடங்கும் 90 மில்லி கர்நாடக பாக்கெட் உள்ளூருக்கே வந்துவிடுவதும் தாங்கள் அறிந்ததே.

எங்கள் தெருவில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளியின் மனைவி, ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் கொண்ட மீன் எண்ணெய் மாத்திரையை ஊசியால் குத்திக் கருவாட்டுக் குழம்பில் பிழிந்துவிடுகிறார். அந்த வாடையில் இந்த வாடை தெரியாதாம். குடி ஆசை அடங்கும் என்று கடையில் சொல்லி விற்றிருக்கிறார்கள்.

அந்த நம்பிக்கை காற்றில் பிறந்ததல்ல. மூளைக்கு இந்தக் கொழுப்பு அமிலங்கள் தேவை; தொடர்ந்து குடிப்பவர் உடலில் அவை குறைகின்றன. ஆனால் பிரேசிலில் குடிநோயாளிகள் 80 பேரைப் பிரித்து, சிலருக்கு மூன்று மாதம் கொடுத்துப் பார்த்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களிடம் குடி குறைந்தது. வெறும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களிடமும் அதே அளவு குறைந்தது. சிகிச்சைக்கு வந்துபோனதே அவர்களுக்கு உதவியிருக்கும் என்பது என் கணிப்பு. கணவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்தால் அந்த ஒன்றுதான் கிடைக்காமல் போகிறது.

குடிநோயாளிக்கு உடனே வேண்டிய சத்து வேறு: தயமின் என்ற வைட்டமின் பி1. அது வற்றினால் நடை தள்ளாடும், பார்வை இரட்டிக்கும், நினைவு அழியும். விலை மலிந்த ஊசி அதைத் தடுக்கும். பல வருடக் குடியைத் திடீரென நிறுத்துகிறவருக்கு இரண்டு மூன்று நாளில் கைநடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிரே போகலாம். அவருக்குத் தேவை மருத்துவமனைக் கட்டில். அதன்பின் குடி வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் போன்ற மாத்திரைகள் உண்டு. கல்லீரலைச் சோதித்து மருத்துவர்தான் தர வேண்டும்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை பக்கம்தான். கிருஷ்ணகிரியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆனால் தினக்கூலிக்காரருக்கு எங்கே போனாலும் ஒருநாள் சம்பளம் போய்விடும். ஆகவே ஓசூர் அரசு மருத்துவமனையில் குடிநோய்க்கு மாலை நேரப் பிரிவு நடத்த ஆணையிடுங்கள். தமிழோடு கன்னடம், தெலுங்கு, இந்தி பேசுபவர்களும் அங்கே இருக்கட்டும். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணை ஆலை வாசல்களிலும் மதுக்கடைகளிலும் எழுதச் செய்யுங்கள். சத்து மாத்திரையைக் குடிக்கு மருந்தென்று விற்கும் கடைகளுக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர்களை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓசூர்வாசி ஒருவர்