விலை உயர்ந்த மெத்தை வலியைத் தீர்க்குமா?

முதுகுவலிக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புவோரின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, “லேடெக்ஸ் மெத்தை வாங்கலாமா?” என்பது. வாங்கலாம், ஆனால் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே வாங்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. மருத்துவச் செலவால் தளர்ந்திருக்கும் குடும்பம், அச்சத்தின் பேரில் பெருந்தொகையை மெத்தையில் முடக்குவதை நாங்கள் விரும்பவில்லை.

ரப்பர் மரத்தின் பாலை நுரைக்கச் செய்து, அச்சில் வார்த்து, வெப்பத்தால் இறுகச் செய்வதே இயற்கை லேடெக்ஸ். செயற்கை லேடெக்ஸும் உண்டு; இரண்டும் கலந்ததும் உண்டு. தேங்காய் நாரில் ரப்பர் பாலைத் தெளித்துச் செய்யும் மெத்தை வேறு. பாலியூரித்தேனால் ஆன மெமரி ஃபோம் வேறு. மேலே மெல்லிய லேடெக்ஸ் அடுக்கும் அடியில் சாதாரண ஃபோமும் வைத்துத் தைத்தவையும் இருக்கின்றன. ஆகவே உறையின் ஜிப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். லேடெக்ஸ் எத்தனை அங்குலம், இயற்கைப் பால் எத்தனை விழுக்காடு, அடர்த்தி கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்பவற்றை ரசீதில் எழுதி வாங்குங்கள். இவை ஒத்திருந்தால்தான் இரண்டு கடைகளின் விலையை ஒப்பிட முடியும்.

கடினமான படுக்கையே முதுகுக்கு நல்லது என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. நாள்பட்ட கீழ்முதுகுவலி உடைய 313 பேரிடம் ஸ்பெயினில் நடத்தப்பட்டு, 2003இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு வேறு விதமாகக் கூறுகிறது. மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தரக் கடினமுள்ள மெத்தையில் உறங்கியோருக்கே 90 நாள்களின் முடிவில் வலி அதிகம் குறைந்திருந்தது. எனவே ‘ஆர்த்தோபீடிக்’ என்ற முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். கடையிலேயே, நீங்கள் வழக்கமாக உறங்கும் நிலையில் கால் மணி நேரம் படுத்துப் பாருங்கள். திருப்பித் தரும் வசதி உண்டா என்றும் கேளுங்கள்.

ரப்பர் கையுறையோ பலூனோ பட்டால் அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல் ஏற்படுவோர் மருத்துவரைக் கேளாமல் லேடெக்ஸ் மெத்தை வாங்கக் கூடாது. மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டோர் உயரத்தையும் கவனிக்க வேண்டும். தடித்த மெத்தை கட்டிலை உயர்த்திவிடும். விளிம்பில் அமரும்போது பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும்.

எங்களுக்கு மிகுந்த கவலை தருவது படுத்த படுக்கையாக இருப்போரின் நிலை. எந்த லேடெக்ஸ் மெத்தையும் படுக்கைப் புண்ணைத் தானாகத் தடுத்துவிடாது. நோயாளியை உரிய இடைவெளியில் புரட்டிப் படுக்க வைப்பதும், தோலை நாள்தோறும் பார்ப்பதும் தவிர்க்க முடியாதவை. அவர்களுக்குக் காற்று மெத்தை தேவையா என்பதைச் செவிலியரிடம் கேட்டறியுங்கள்.

கையிருப்பு குறைவாக இருந்தால், முதலில் இயன்முறை மருத்துவத்திற்கும் மருந்துக்கும் ஒதுக்குங்கள். நடுவில் குழி விழாத பழைய மெத்தை இன்னும் சில மாதங்களுக்கு உதவும்.