கட்டுமரம் நம்ம சொல். கரை யாருக்கு?

வெளிநாட்டில் எந்தப் பெரிய படகுக் கண்காட்சிக்குப் போனாலும் 'கேட்டமரன்' நிற்கும். இரட்டை உடல், மேலே உயரமாக ஒரு பாய், கோடிகளில் விலை. அந்தப் பேரு நம்ம கட்டுமரத்தில் இருந்து போனதுதான். (இரட்டை உடல் படகு பசிபிக் தீவு மக்களின் அறிவு. அதையும் நம்ம கணக்கில் எழுத வேண்டாம், பேரு மட்டும் நம்மது!)

அந்தப் படகில் ஏறி, காற்று போற போக்கில் ஊர் ஊராகப் போறாங்க. ராத்திரி ஒரு சின்ன ஊர் ஓரமா நங்கூரம். காலையில் இறங்கி அங்கேயே மீன் வாங்கி, காய்கறி வாங்கி, கடையில் சாப்பிட்டு, மறுநாள் அடுத்த ஊர். கிரீஸ், துருக்கி, குரோஷியா கடற்கரைச் சிற்றூர்கள் கோடை முழுக்க இதில் சம்பாதிக்கின்றன.

நமக்கு 1,000 கிலோமீட்டருக்கு மேல் கரை இருக்கு. பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைகள். தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர் கட்டத் தொடங்கிய கோட்டை. 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சானதும் அதே ஊரில்தான். அப்புறம் நாகூர், தொண்டி, கீழக்கரை, காயல்பட்டினம். புயல் காலம் ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரியில் சென்னையில் பாய் விரிச்சா வாடைக்காற்றே முதுகைத் தள்ளித் தெற்கே கொண்டுபோகும். பாம்பனில் உயரமான பாய்மரத்துக்காக ரயில் பாலமே மேலே தூக்கி வழிவிடணும். 2025-ல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தா ஏறும். இந்தக் காட்சிக்கே ஆள் வருவாங்க.

ஆனா வந்த படகை எங்கே கட்டுவது? கொச்சியில் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகமே இதுக்குன்னு ஒரு படகுத்துறை நடத்துது. இந்தியப் பெருங்கடலைக் கடக்கும் பாய்மரப் படகுகள் இலங்கையில் காலிக்கும் திருகோணமலைக்கும் போகின்றன. நம்ம சிற்றூர்களில் மீன்பிடிப் படகுக்கே இடம் போதவில்லை.

"அப்போ பெருசா ஒண்ணு கட்டிடலாமே" என்பார்கள். அங்கேதான் உஷாரா இருக்கணும். நம்ம கிழக்குக் கரையில் மணல் வருஷம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகருது. குறுக்கே கல்சுவர் போட்டால் தெற்கே மணல் சேரும், வடக்கே கடல் தின்னும். சென்னைத் துறைமுகம் வந்ததால்தான் மெரினா அகலமாச்சு. அதே துறைமுகத்துக்கு வடக்கே குப்பங்கள் கரையை இழந்தன. புதுச்சேரியிலும் 1980-களின் கடைசியில் துறைமுகம் கட்டிய பிறகு நகரக் கடற்கரை மணலே போய்விட்டது. சுவருக்குப் பின்னாடி ரிசார்ட் வரும், ரிசார்ட்டுக்கு வேலி வரும், வலை உலர்த்திய இடத்தில் "அனுமதி இல்லை" போர்டு வரும். யாருக்கு வருமானம், யாருக்கு நஷ்டம் என்று சொல்லவும் வேணுமா?

அதனால் நாம் கேட்பது சின்னது. இருக்கிற மீன்பிடித் துறைமுகங்களிலும் முகத்துவாரங்களிலும் நாலைந்து படகு கட்டும் அளவுக்கு மிதவைப் படித்துறை. கல்சுவர் கூடாது, நிலம் எடுக்கக் கூடாது. கட்டணம் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகணும். வேணுமா வேண்டாமா என்பதை அந்த ஊர்க் கூட்டம் முடிவு பண்ணணும். வேண்டாம்னு சொன்னா அதோட விட்டுடணும்.

ஆள் வெளியில் இருந்து வர வேண்டியதில்லை. தொண்டி, மோர்பண்ணைப் பக்கம் இன்னைக்கும் பாய்மரப் படகுப் போட்டி நடக்குது. படகு சாயும்போது குறுக்குப் பலகையில் ஏறி நின்று உடம்பாலேயே நிமிர்த்துற பசங்க அங்கே இருக்காங்க. கொண்டல், கச்சான், சோழகம்னு காற்றைப் பேர் சொல்லிக் கூப்பிடுற அவங்களுக்கு முறையான பயிற்சியும் மாலுமிச் சான்றிதழும் கொடுத்தால், வர்ற படகுக்கு அவங்கதான் கேப்டன். ஏப்ரல் 15-ல் தொடங்கும் 61 நாள் தடைக்காலத்துக்கு முன்னாடி கையில் நாலு காசும் நிற்கும்.

கடலோர உறவுகளே, உங்க ஊரில் ஒரு பாய்மரப் படகு வந்தால் எங்கே கட்டலாம், எந்த இடத்தைத் தொடவே கூடாது? வலை காயும் இடம், மணல் அரிக்கும் இடம், படகு ஏற்றும் இடம் எல்லாத்தையும் ஊர்ப் பேரோட கமெண்டில் எழுதுங்க. திட்டம் போடுறவங்க மேஜைக்கு முதலில் அந்தப் பட்டியல் போகட்டும்.

#கட்டுமரம் #கரைமக்களுக்கே